தோல் கடக்கும் எல்லை, உப்பு தங்கும் நிலம்

1

எல்லை வழி வணிகம் என்றதும் நமக்கு வாகாவும் பெட்ராபோலும் ஞாபகத்துக்கு வருகின்றன. இந்தப் பக்கம் லாரிகள், அந்தப் பக்கம் லாரிகள், நடுவில் ராணுவம். அதைப்பற்றி எழுதுகிற பொருளாதாரக் கட்டுரைகளில் எல்லை ஒரு கதவாக வரும். திறந்தால் இத்தனை கோடி, மூடினால் இத்தனை பேருக்கு வேலை போச்சு. வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கத்தில் வளர்ந்த எனக்கு எல்லை என்பது மலைப்பாதையில் குறுக்கே கிடந்த ஒரு மூங்கில் கழி. அதன் அந்தப்பக்கம் ஆந்திரா. வி.கோட்டா, பலமனேர், அதற்கும் மேலே கோலார். அங்கிருந்தெல்லாம் உப்புத்தோல் ஏற்றிய லாரிகள் இறங்கி வரும்.

நைனா தோல் மண்டியில் ஏற்றி இறக்குகிற வேலை பார்த்தார். எழுபதுகளில் ஒரு கோடை விடுமுறையில் லோடுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது ஒரு சோதனைச்சாவடியில் (எதுவென்று இப்போது சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை) லாரி நின்றுவிட்டது. பில்லில் ஏதோ சரியில்லையாம். காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றோம். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நைனா சிரித்தார்: “இப்பவே மூக்க மூடறயே. நேரமாவ ஆவ இன்னும் நாறும். நாறிச்சின்னா வெல கொறையும். அது உள்ள குந்திகினு கீற ஆளுக்கு நல்லாத் தெரியும்.”

பின்னாட்களில் மார்க்ஸையும் மற்றவர்களையும் படித்து, மூலதனத்தின் சுழற்சிக் காலம், உபரி என்றெல்லாம் பேசக் கற்றுக்கொண்டேன். எல்லைப் பொருளாதாரத்தின் முதல் பாடம் நைனா சொன்ன அந்த நான்கு வாக்கியத்தில்தான் இருந்தது என்று இப்போது படுகிறது. இந்தக் கட்டுரை அதை விரித்துச் சொல்கிற முயற்சி. எல்லையில் யாருக்கு வருமானம், அந்த வருமானம் யாருடைய பையிலிருந்து எடுக்கப்பட்டது, கணக்கில் வராமல் எல்லையைக் கடந்து வந்தது எது என்கிற மூன்று கேள்விகள்.

2

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இங்கே வணிகம் முந்தியது, எல்லை பிந்தியது. சித்தூர் ஒரு காலத்தில் வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகர். 1911இல்தான் சித்தூர் மாவட்டம் தனியாகப் பிரிக்கப்பட்டது. 1953இல் ஆந்திர மாநிலம் உருவானபோது மாவட்டக் கோடு மாநிலக் கோடாயிற்று. படாஸ்கர் பரிந்துரைப்படி 1960இல் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, வேறு சில ஊர்கள் அந்தப் பக்கம் போயின. 2019இல் வேலூர் மாவட்டமே மூன்றாகி, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போக, பேரணாம்பட்டு வேலூரிலேயே தங்கிவிட்டது. கோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது. தோல் வந்த பாதை அவ்வளவாக நகரவில்லை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கிடைத்த, பாலாற்று மணலுக்கடியில் நல்ல தண்ணீர் ஓடிய இடம் நோக்கி தோல் வந்தது.

ஏன் வெளியிலிருந்து வரவேண்டும்? இங்கே மாடு, ஆடு இல்லையா? இருக்கிறது, போதாது. தோலுக்காக யாரும் மாடு வளர்ப்பதில்லை. பாலுக்கு, உழவுக்கு, கறிக்கு வளர்க்கிறார்கள். தோல் கடைசியில் மிஞ்சுவது. துணி விலை ஏறினால் அடுத்த வருஷம் பருத்தி கூடுதலாகப் பயிரிடலாம். செருப்பு விலை ஏறியது என்பதற்காக மாடு கூடுதலாகச் சாகாது. ஆகவே தோல் ஷாப்பு பெருகப் பெருக, அது இன்னும் தூரத்திலிருந்து தோலை இழுக்க வேண்டியிருக்கிறது. ஆந்திரா, கர்நாடகம், பிறகு மகாராஷ்டிரம், வங்காளம், உத்தரப்பிரதேசம். சென்னைப் பெரியமேட்டு மண்டிகள் இந்த இழுப்பின் நடுமுடிச்சு.

இதிலிருந்து ஒரு முடிவு வருகிறது. விலைக்குத் தகுந்தபடி கூடவோ குறையவோ தெரியாத பண்டத்தின் மீது வழியில் எங்கே செலவு ஏற்றினாலும், அது கடைசியில் அந்தப் பண்டத்தை முதலில் விற்கிறவன் தலையில்தான் இறங்கும். ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஷாப்பு வாசலில் ஒரு தோலுக்கு 500 ரூபாய்தான் கொடுக்க முடியும். ஏனென்றால் பதனிட்ட தோலின் விலையை வெளிநாட்டு வியாபாரி தீர்மானிக்கிறான். லாரி, மண்டி கமிஷன், உப்பு எல்லாம் சேர்ந்து 150. சாவடியில் வரியும் மாமூலும் 40. மிச்சம் 310 தோலை உரித்தவன் கைக்கு. சாவடிச் செலவு 60 ஆனால் என்ன ஆகும்? ஷாப்புக்காரர் 520 தரமாட்டார். மண்டிக்காரர் கமிஷனைக் குறைக்கமாட்டார். உரித்தவன் ‘விலை கட்டாது, அடுத்த மாசம் விற்கிறேன்’ என்று சொல்ல முடியுமா? பச்சைத்தோல் சில மணி நேரத்தில் அழுக ஆரம்பித்துவிடும். உப்புப் போட்டால் கொஞ்ச நாள் தாங்கும், அவ்வளவுதான். நெல்லைக் குதிரில் போட்டுப் பூட்டலாம், தோலுக்குக் காத்திருக்கத் தெரியாது. ஆகவே 310 என்பது 290 ஆகும்.

எல்லைச் சாவடி வியாபாரியிடம் வாங்கியதாக நாம் நினைக்கிற பணம், இவ்வாறாக, கோலார் பக்கத்திலோ அனந்தப்பூர் பக்கத்திலோ ஏதோ ஒரு சேரியில், சாவடியையே பார்த்திராத ஒருவனிடமிருந்து வாங்கப்பட்டது. எல்லை அவன் இருக்குமிடத்துக்கே போய் அவனிடம் வசூலித்தது. ஊருக்கும் சேரிக்கும் நடுவே ஏற்கனவே ஒரு எல்லை அவனுக்கு இருந்தது. செத்த மாடு அந்த எல்லையைத் தாண்டி அவனிடம் வந்தது. அவன் கை பட்ட தோல் மாநில எல்லையைத் தாண்டிப் போனது. இரண்டு எல்லையிலும் இழந்தவன் அவனே.

3

சாவடிக்குள் உட்கார்ந்திருந்த ஆளைத் தாண்டி, அரசு என்கிற அமைப்பு இந்த எல்லையை எப்படிப் பார்த்தது? இதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. வரி வழக்கறிஞர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிற வழக்கு: மெஹ்தாப் மஜீத் கம்பெனி எதிர் மதராஸ் மாநிலம். உச்ச நீதிமன்றம் 1962 நவம்பரில் தீர்ப்புச் சொன்னது. இந்தியாவில் மாநிலங்களுக்கிடையே வணிகச் சுதந்திரம் என்றால் என்ன என்பதைத் தீர்மானித்த முக்கியமான தீர்ப்புகளில் ஒன்று, தோலைப் பற்றியது என்பது நமக்கு முக்கியம்.

விஷயம் இதுதான். மதராஸ் விற்பனை வரி விதிப்படி, மாநிலத்துக்குள்ளேயே வாங்கிப் பதனிட்ட தோலுக்கு, அது பச்சையாக இருந்தபோது வாங்கிய விலை மீது வரி. வெளி மாநிலத்தில் பதனிட்டு இங்கே கொண்டுவந்து விற்கிற தோலுக்கு, பதனிட்ட தோலின் விற்பனை விலை மீது வரி. வரி வீதம் ஒன்றே: ரூபாய்க்கு 3 பை, பழைய நாணயக் கணக்கில் ரூபாய்க்கு 192 பை. காகிதத்தில் பார்த்தால் பேதமே இல்லை. ஆனால் பச்சைத்தோல் 10 ரூபாய், அதே தோல் பதனிட்டால் 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், உள்ளூர் தோல் 30 பை கட்டும், வெளியூர் தோல் 60 பை கட்டும். எல்லையில் எந்தக் கழியும் போடாமலே எல்லை போட்டாயிற்று. இது அரசமைப்பின் 304ஆம் பிரிவுக்கு முரண், வெளியிலிருந்து வரும் சரக்கையும் உள்ளூர்ச் சரக்கையும் ஒரேமாதிரி நடத்தவேண்டும் என்று நீதிமன்றம் அந்த விதியை அடித்தது. அடுத்த வருஷமே அரசு ஒரு சிறப்புச் சட்டம் கொண்டுவர, அதன் ஒரு பகுதியும் 1964இல் அடிபட்டது.

நான் இந்தத் தீர்ப்பை மதிக்கிறேன். சமமான வீதத்துக்குள் சமமின்மை எப்படி ஒளிந்திருக்கும் என்பதை அது காட்டியது. நம் நண்பர்கள் பலபேர் ‘பேதம்’ பற்றிக் கோட்பாட்டு மொழியில் எழுதுவதைவிடத் தெளிவாகவே காட்டியது. எனினும் ஒரு கேள்வி. தோலுக்கும் தோலுக்கும் பேதம் காட்டாதே என்கிற 304ஆம் பிரிவு இருக்கிற அதே அரசமைப்பில்தான் தீண்டாமையை ஒழித்த 17ஆம் பிரிவும் இருக்கிறது. முன்னதற்கு வியாபாரி இருந்தார், வக்கீல் இருந்தார், டெல்லிவரை போக ரயில் சார்ஜ் இருந்தது. பின்னது, தோலை உரித்தவனுக்கு, எத்தனை முறை டெல்லிவரை போனது? 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அப்போது அவர்கள் நீதிமன்றத்துக்காகக் காத்திருக்காமல், செத்த மாடுகளைக் கொண்டுபோய் அரசு அலுவலக வாசலில் போட்டார்கள். இனி இதை நாங்கள் எடுக்கமாட்டோம் என்றார்கள். தோல் வணிகத்தின் முதல் கண்ணி யாருடைய கையில் இருக்கிறது என்பதை ஒரு வரியும் எழுதாமல் விளக்கிய செயல் அது.

4

மாநில எல்லைக்கு மேலே தேச எல்லை. பிரிட்டிஷ் காலம் முழுக்க இங்கிருந்து பச்சைத்தோலும், பட்டை போட்டுப் பாதி பதனிட்ட ‘கிழக்கிந்தியத் தோலும்’ கப்பலேறின. மதிப்பு அங்கே போய்க் கூடியது. 1970களின் தொடக்கத்தில் சீதாராமையா குழுவின் பரிந்துரைகளை ஒட்டி இந்த ஓட்டத்தைத் திருப்பினார்கள். பச்சைத்தோல் ஏற்றுமதிக்குத் தடை, பாதி பதனிட்டதற்குக் கட்டுப்பாடு, முழுசாக முடித்த தோலுக்கும் செருப்புக்கும் சலுகை. தேச எல்லையைக் கருவியாக வைத்து மதிப்பை உள்ளேயே நிறுத்துகிற திட்டம். அது வேலையும் செய்தது. ஆம்பூரில் ஷூ கம்பெனிகள் வந்தன. விடியற்காலையில் கிராமங்களிலிருந்து வேன் வேனாகப் பெண்கள் வேலைக்கு வருகிற காட்சி அதன் விளைவு. என் தங்கை இருபது வருஷமாக மேல்தோல் தைக்கிறாள். நான் இந்தக் கட்டுரை எழுதுகிறேன் என்றதும் அவள் சொன்னது: “எழுதுண்ணா, ஆனா கம்பெனிய மூடணும்னு மட்டும் எழுதாத. மூடிட்டு நீ சோறு போடுவியா?” சூழலியல் பேசுகிற நாம் ஒவ்வொருமுறையும் பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி இது. அதை ஓரங்கட்டிவிட்டு எழுதுவது நேர்மையாகாது.

ஆனால் மதிப்பு உள்ளே நின்றபோது கூடவே நின்றது என்ன? தோலை ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு, மயிரும் சவ்வும் நீக்கி, குரோமில் உருட்டுகிற ஈர வேலைகள் முழுக்க இங்கே வந்தன. ஐரோப்பா அதே சமயத்தில் அந்த அழுக்கு வேலையைத் தன் எல்லைக்கு வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. வேலூர் குடிமக்கள் நலச் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தந்த தீர்ப்பில் இதன் கணக்கு இருக்கிறது. ஒரு கிலோ தோல் பதனிட ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர். தோல் ஷாப்புப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுசோ பயிருக்கு உதவாமல் போயிற்று. மாசுபடுத்தியவனே ஈடு தரவேண்டும் என்கிற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் உறுதியாக ஊன்றப்பட்டது பாலாற்றங்கரைக் கிணறுகளின் பெயரால்தான். நிவாரணம் முழுசாகப் போய்ச்சேரவில்லை, ஆறும் மீளவில்லை என்பதால் 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் இழப்பீடு கொடு, ஆற்றைச் சீர்ப்படுத்து என்று உத்தரவிட வேண்டியிருந்தது. நடுவே 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளிகள் பத்துப்பேர் சேற்றில் புதைந்து செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். தோல் வந்த வழியிலேயே அவர்களும் வந்தார்கள்.

5

இங்கேதான் மூன்றாவது கேள்வி. சாவடியில் தோலுக்குக் கணக்கு எழுதினார்கள். அதன் மேல் இருந்த உப்புக்கு யார் எழுதினார்கள்?

பச்சைத்தோலைக் கெடாமல் வைக்க, அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத உப்பைத் தடவுகிறார்கள். ஷாப்பில் தோலை ஊறப்போட்டு அலசும்போது அந்த உப்பு முழுக்கத் தண்ணீரில் இறங்குகிறது. பாலாற்றுப் படுகைக் கிணறுகள் உவராகிப்போனதில் குரோமுக்குப் பங்குண்டு, சந்தேகமில்லை. ஆனால் பெரும்பங்கு சாதாரணச் சமையல் உப்பினுடையது. அதை எந்தச் சுத்திகரிப்பும் மாயமாக்க முடியாது. தண்ணீரைப் பிரித்தெடுத்தால் உப்பு மூட்டையாக மிஞ்சும். ‘ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாது’ என்கிற நிலையங்களில் இன்று அந்த மூட்டைகளை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்பதே பெரும்பாடு.

ஆக நடப்பது என்ன? பல மாநிலத்துத் தோலோடு பல மாநிலத்து உப்பும் எல்லை கடந்து வருகிறது. தோல் ஷூவாகி ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் போய்விடுகிறது. உப்பு இங்கேயே தங்கிவிடுகிறது. ஏற்றுமதி மதிப்பு என்று வருஷாவருஷம் வெளியிடுகிற புள்ளிவிவரம், வெளியே போனதை மட்டும் எண்ணுகிறது. தங்கியதை எண்ணுகிற பேரேடு எந்த இலாகாவிலும் கிடையாது. அது உவர் கிணறாக, விற்கமுடியாத நிலமாக, குடிதண்ணீருக்கு லாரியை எதிர்பார்த்து நிற்கிற குடமாக, தனித்தனிக் குடும்பங்களின் கணக்கில் எழுதப்படுகிறது. எல்லை வழி வணிகத்தின் பொருளாதாரத் தாக்கம் என்று யாராவது நம்மிடம் ஒரு எண்ணைச் சொன்னால், அது எந்தப் பேரேட்டின் எண் என்று கேட்க வேண்டும்.

6

2017இல் நடந்ததைப் பாருங்கள். மே 23 அன்று மத்திய அரசு கால்நடைச் சந்தை விதிகளை அறிவித்தது. சந்தையில் மாட்டை அறுப்புக்கு விற்கக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த பகுதி. அதிகம் பேசப்படாத ஒரு வரியும் அதில் இருந்தது: மாநில எல்லையிலிருந்து 25 கிலோமீட்டருக்குள், தேச எல்லையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் கால்நடைச் சந்தை நடக்கக் கூடாது. பேரணாம்பட்டு, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி எல்லாமே அந்த 25 கிலோமீட்டருக்குள். மே 30 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுவதற்கும் நீட்டித்தது. அதே ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. வணிகவரிச் சோதனைச்சாவடிகள் மூடப்பட்டன. நைனாவின் மூங்கில் கழி ஒருவழியாகத் தூக்கப்பட்டது.

ஆறே வாரத்துக்குள் ஒரே அரசு, சரக்குக்கான எல்லையை அழித்தது, மாட்டுக்கான எல்லையை 25 கிலோமீட்டர் அகலத்துக்கு வரையப் பார்த்தது. இதை முரண்பாடு என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போகலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரிய சரக்கு ஒரே சந்தையில் தடையின்றி ஓடவேண்டும். சிறிய ஆள், கயிற்றில் மாட்டைப் பிடித்துக்கொண்டு நடப்பவன், ஒவ்வொரு அடியிலும் தன்னை நிரூபிக்க வேண்டும். விதி நின்றுபோனாலும் சாலையில் மாட்டு வண்டிகளை மறிக்கிறவர்கள் நிற்கவில்லை. 2021இல் கர்நாடகத்தில் வந்த கடுமையான பசுவதைத் தடைச் சட்டம் மாடு போகிற பாதையை இன்னும் குறுக்கியது. முன்பு சாவடியில் ரசீதுக்கோ மாமூலுக்கோ பணம் கேட்டார்கள். இப்போது பெயரைக் கேட்கிறார்கள்.

கணக்கின் கடைசிப் பகுதி இதோடு சேர்கிறது. உரித்தவனுக்குக் கிடைக்கும் விலை எவ்வளவு வேண்டுமானாலும் குறையலாம் என்று மேலே சொன்னேன். அதற்கும் ஒரு அடித்தளம் உண்டு: தோலின் விலை, அதற்குப் போடுகிற உப்பின் விலைக்குக் கீழே இறங்கினால், யாரும் உப்புப் போடமாட்டார்கள். தோல் குழிக்குப் போகும். பக்ரீத் முடிந்த மறுநாள் ஆட்டுத்தோல் வாங்க ஆளில்லாமல் கிடப்பதை இங்கே பார்த்திருக்கிறேன். ஷாப்புகளோ வெளிநாட்டிலிருந்து குரோம் போட்டு நீலமாக வருகிற ‘வெட் ப்ளூ’ தோலை இறக்குமதி செய்கின்றன. 2025 பட்ஜெட் அதற்குச் சுங்க வரியை முழுசாக நீக்கியது. பாதி முடித்த ‘கிரஸ்ட்’ தோல் மீதிருந்த 20 சதவீத ஏற்றுமதி வரியையும் எடுத்தது. எழுபதுகளில் போட்ட வேலி இவ்வாறாகக் கழற்றப்படுகிறது. அதே வருஷம் ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா இந்தியச் சரக்கு மீது 50 சதவீத வரி போட்டபோது, உலகத்தின் மறுபக்கத்து எல்லையில் விழுந்த கழி ஆம்பூரின் தையல் மிஷின்வரை வந்து இடித்தது. அன்றைக்குத் தங்கை கேட்டாள்: “அவன் போட்ற வரிக்கு எனக்கு எதுக்குண்ணா ஓவர்டைம் கட்டு?” விலைக்குத் தகுந்தபடி நகர முடியாதவர் தலையில்தான் வரி இறங்கும். தோலைப் போலவே அவளாலும் காத்திருக்க முடியாது.

7

என்ன செய்யலாம்? எல்லையை மூடு என்பதும் திற என்பதும் நமக்குப் பதில்கள் அல்ல. தோல் உரிக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே குளிர்பதனம் செய்தால் உப்பு குறையும். வந்த தோலை ஊறப்போடுவதற்கு முன் உதறினால் கணிசமான உப்பு தண்ணீரில் இறங்காமல் உலர்ந்தபடியே தனியாகக் கிடைக்கும். இவை தெரிந்த தொழில்நுட்பங்கள்தான். செய்வதற்குச் செலவாகும். அந்தச் செலவு மறுபடி உரிப்பவன் தலையில் இறங்காமல், விலையைத் தீர்மானிக்கிற வெளிநாட்டு பிராண்டுகள் மீது ஏற வேண்டும் என்பதுதான் அரசியல் கோரிக்கை. ஒவ்வொரு லோடோடும் எத்தனை கிலோ உப்பு உள்ளே வந்தது, எங்கே போயிற்று என்று எழுதவைக்க வேண்டும். மின்வழிச்சீட்டில் சரக்கின் எடையும் மதிப்பும் எழுத முடிகிறபோது இதை எழுத முடியாதா? ஷூ கம்பெனிப் பெண்களின் சங்கமும், கிணறு இழந்த விவசாயிகளின் சங்கமும், தோல் உரிப்பவர்களும் இதுவரை தனித்தனியாகவே பேசிவந்திருக்கிறார்கள், சிலசமயம் ஒருவருக்கு எதிராக ஒருவர். மூன்றுபேரின் கணக்கையும் ஒரே தாளில் எழுதிப்பார்ப்பது எழுதத் தெரிந்த நம்மால் ஆகக்கூடிய காரியம். அதைத்தான் இங்கே அரைகுறையாகச் செய்து பார்த்தேன்.

போன மாசம் அந்த மலைப்பாதையில் பஸ்ஸில் போனேன். லோடு லாரிகள் நிற்காமல் இறங்கிக்கொண்டிருந்தன. பழைய சாவடிக் கட்டடத்தின் கதவு பூட்டிக் கிடந்தது. நைனா போய் ரொம்ப வருஷமாகிறது. கீழே எங்கள் வீட்டுக் கிணறு இன்னும் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது. வாயில் வைக்க முடியாது.